தாய்மொழிக் கட்டம்

காலை மணி பதினொன்று இருபது. மாட்டுங்காவில் விடியற்காலையிலிருந்து மழை. எங்கள் கல்லூரியின் கீழ்த்தளக் கூடத்தில் நனைந்த செருப்பும் ஜெராக்ஸ் மையும் கலந்த ஒரு வாசனை. மூன்றாம் எண் மேசை என்னுடையது. சரிபார்ப்புப் பட்டியல், சிவப்புப் பேனா, நீலப் பேனா, ரப்பர் ஸ்டாம்ப், எல்லாம் இடமிருந்து வலமாக. குடைகளை மேசைமேல் வைக்க வேண்டாம் என்று நானே எழுதி ஒட்டிய அட்டை.

என் எதிரில் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். பெண் பையிலிருந்து கோப்பை எடுத்தாள். ஒவ்வொரு காகிதமும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். மூலப் பிரதி மேலே, நகல்கள் கீழே. இப்படி அடுக்கத் தெரிந்த பிள்ளைகளை எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிடும்.

"எந்த கோர்ஸ்ம்மா?"

"பாஃப் மேடம். தமிழ் கோட்டா."

பெயர் செய்யதலி பாத்திமா. வீடு தாராவி. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் எண்பத்து நாலு சதவீதம். பட்டியலில் வரிசையாக டிக் போட்டுக்கொண்டே வந்தேன். ஏழாவது வரியில் பேனா நின்றது. பள்ளி விடுப்புச் சான்றிதழில், இங்கே எல்லோரும் எல்.சி. என்று சொல்லும் அந்தக் காகிதத்தில், தாய்மொழிக் கட்டத்தில் ஆங்கிலத்தில் டைப் செய்திருந்தது: உருது.

இந்தத் தொடரில் இதுவரை நான் யார்மேலும் பெரிதாகக் கோபப்படவில்லை. போன வாரம்கூட ஆசிரியர் அறையில் தேநீருக்கு நடந்த சண்டையைச் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். இந்த வாரம் அப்படி முடியாது. இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. தேதி என் டைரியில் இருக்கிறது. கோபமும் அப்படியே இருக்கிறது.

பாஃப் என்றால்

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். மும்பையில் வணிகவியல் பட்டம் என்றால் ஒரு காலத்தில் ஒரே பட்டம்தான், பி.காம். பிறகு கல்லூரிகள் சுயநிதிப் பிரிவுகளைத் தொடங்கின. கணக்கியலும் நிதியும் சேர்ந்தது ஒன்று, அதுதான் பாஃப். மேலாண்மைக்கு ஒன்று, வங்கியும் காப்பீடும் சேர்ந்து ஒன்று. ஒவ்வொன்றும் மூன்றெழுத்து, நாலெழுத்துப் பெயரோடு வந்தது. கட்டணம் பல மடங்கு. வகுப்பில் அறுபது பேர்தான். ஆடிட் அலுவலகங்களிலிருந்து ஆள் எடுக்க வருவார்கள்.

பழைய பி.காமுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'ரெகுலர்'. "நீ என்ன பண்றே?" என்று கேட்டால், "ரெகுலர்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். வகுப்பில் நூற்றிருபது பேர். பாதிப் பேர் கோச்சிங் கிளாஸை நம்பி, வருகைப் பதிவுக்கு மட்டும் வருவார்கள். இரண்டு பிரிவுக்கும் கணக்கியல் சொல்லித்தருபவள் நான்தான். சாக்பீஸும் கரும்பலகையும் அதேதான். தேய்மானம் ஒன்பது மணி ரெகுலர் வகுப்பில் எப்படிக் கணக்கிடப்படுகிறதோ அப்படித்தான் பதினோரு மணி பாஃப் வகுப்பிலும் கணக்கிடப்படுகிறது. ஆனால் வேலைக்கு எடுக்க வருபவர்கள் பதினோரு மணி வகுப்பின் வாசலில்தான் நிற்பார்கள்.

எங்களுடையது மொழிச் சிறுபான்மைக் கல்லூரி. தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து தொடங்கியது. இடங்களில் பாதி தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு. பொதுப் பட்டியலில் பாஃப் வேண்டுமானால் தொண்ணூறுக்கு மேல் வேண்டும். தமிழ் இடத்துக்கு எண்பத்து நாலு தாராளமாகப் போதும். ஆகவே அந்த ஒரு கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பாத்திமாவுக்கு எல்லாம்.

"என்ன டீச்சர் சொல்லுதிய?"

"இதுல உருதுன்னு இருக்கேம்மா," என்றேன்.

"ஆமா மேடம். ஸ்கூல்ல தப்பாப் போட்டுட்டாங்க. நாங்க தமிழ்தான்."

"எல்.சி.ல தமிழ்னு இருந்தாத்தான் தமிழ் கோட்டா."

அதுவரை பேசாமல் இருந்த அம்மா முன்னால் நகர்ந்தார். பெயர் மைமூன். கணவருக்குத் தாராவியில் தோல் பை செய்யும் கார்கானா. மைமூனின் விரல் நுனிகளில் ஒட்டுப் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"என்ன டீச்சர் சொல்லுதிய? எங்களுக்கு உருதுல ஒரு எழுத்துத் தெரியாது. ஓதுறது அரபில. பேசுறது தமிழு. கடைகண்ணிக்குப் போனா இந்தி. இதுல உருது எங்கருந்து வந்திச்சு?"

"அது எனக்குத் தெரியறதும்மா. நீங்க பேசறதைக் கேட்டாலே தெரியறது. ஆனா பேப்பர்..."

"நான் பேசுறது உங்களுக்குக் காதுல விழுதுல்லா?"

"விழறது."

"அப்ப அத எழுதிக்கிடுங்க."

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, இப்போது எழுதும்போது கை கூசுகிறது, அந்தக் கோப்பின் மேல் 'நிறுத்திவைக்கப்பட்டது' என்ற ஸ்டாம்ப்பை அடித்து, "பக்கத்துல உக்காருங்கோ, ஹெட் கிளார்க் கிட்ட கேட்டுச் சொல்றேன்," என்றேன்.

அந்த விதி யாருடையது

எல்.சி. மட்டுமே ஆதாரம் என்ற விதியை எழுதியது அரசாங்கம் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை. நான்தான்.

அதற்கு முந்தைய வருடம் வரை முத்திரைத்தாளில் பெற்றோர் எழுதித்தரும் உறுதிமொழியையும் ஏற்றுக்கொண்டிருந்தோம். கோர்ட் வாசலில் அது அரை மணி நேரத்தில் கிடைக்கும். அந்த வருடம் தமிழே தெரியாத பதினான்கு குடும்பங்கள் முத்திரைத்தாளோடு வந்தன. ஒரு அப்பா "என் தாய்மொழி தமிழ்" என்ற மூன்று சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். பெயர் கேட்டேன், "என் தாய்மொழி தமிழ்" என்றார். எங்கே வேலை என்று கேட்டேன், அதையே சொன்னார். பையன் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய், செம்பூரில் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, விதியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். 'பள்ளி விடுப்புச் சான்றிதழில் உள்ள பதிவைத் தவிர வேறெந்த ஆவணமும் ஏற்கப்படாது.' ஓட்டை இல்லாத வாக்கியம். நிர்வாகக் குழு ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. செயலாளர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். பொய் சொல்பவர்களுக்கு எதிராக எழுதிய விதி. எழுதும்போது என் மனதில் இருந்தது அந்த மூன்று சொல் அப்பா மட்டும்தான். எல்.சி. தப்பாக இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தோன்றியிருக்க வேண்டும். அதை அடுத்துச் சொல்கிறேன்.

என் கட்டம்

நாங்கள் வீட்டில் தமிழ் பேசும் பாலக்காட்டுக்காரர்கள். அப்பா மும்பைக் கோட்டைப் பகுதியில் ஒரு அலுவலகத்தில் கிளார்க். மாட்டுங்காவில் பள்ளியில் என்னைச் சேர்த்தபோது அங்கிருந்த கிளார்க் சொந்த ஊர் எது என்று கேட்டிருக்கிறார். பாலக்காடு என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவர் அந்த மாநிலத்தை நினைத்துத் தாய்மொழிக் கட்டத்தில் மலையாளம் என்று எழுதிவிட்டார்.

பத்தாம் வகுப்பில்தான் அப்பா அதைப் பார்த்தார். தலைமை ஆசிரியர் எங்கள் கட்டடத்துக்கு அடுத்த கட்டடம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா போனார், காபி குடித்தார், திரும்பி வந்தார். திங்கட்கிழமை மலையாளம் அடிக்கப்பட்டு மேலே தமிழ் என்று எழுதி, சுருக்கொப்பமும் முத்திரையும் இடப்பட்டிருந்தது. கல்வி அதிகாரி இல்லை, உறுதிமொழி இல்லை, மனு இல்லை.

அம்மா அப்போது சொன்னது நினைவிருக்கிறது. "ஒரு காபிலே காரியம் முடிஞ்சுதே!"

மூன்றாம் எண் மேசையில் உட்கார்ந்து, அடுத்தவர் கோப்பில் சிவப்பு ஸ்டாம்ப் அடித்தபோது இது எனக்கு நினைவுக்கு வரவில்லை. இரண்டு நாள் கழித்து, பஸ்ஸில் கிங் சர்க்கிள் நிறுத்தத்தில் இறங்கும்போதுதான் வந்தது. எல்லாவற்றையும் குறித்துவைப்பவள் என்று பெயரெடுத்தவளுக்கு இது மட்டும் எப்படி மறந்திருந்தது? எளிதாகக் கிடைத்ததை யாரும் குறித்துவைப்பதில்லை போலும்.

உறுதிமொழியை யார் படித்தது

திரும்ப அந்தக் காலைக்கு வருகிறேன். மைமூனும் பாத்திமாவும் மேசைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். வரிசையில் அடுத்து வந்தவன் ரோஹன் என்ற பையன், கூட அவன் அம்மா. செம்பூர்க் குடும்பம். எல்.சி.யில் தாய்மொழி தமிழ். எல்லாம் சரி. கடைசிக் காகிதத்தை அவனிடம் கொடுத்தேன்.

அது எங்கள் கல்லூரியின் பெருமைகளில் ஒன்று. தமிழ் இடத்தில் சேர்பவர்கள் கையெழுத்திடும் உறுதிமொழி தமிழில் மட்டுமே அச்சாகியிருக்கும். பையன் அதை இப்படியும் அப்படியும் திருப்பினான். அம்மா கைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

"அவனுக்குத் தமிழ் நன்னாப் புரியும் மேடம். பேசத்தான் வெக்கம். ஆத்துல நாங்களே இங்கிலீஷ்லதானே பேசிக்கறோம்," என்றார் என்னிடம்.

என் மேசையில் போன் அடித்தது, எடுத்தேன். பையன் பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் காகிதத்தைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது, எங்கே கையெழுத்திட வேண்டும் என்று இந்தியில் கேட்டான்.

"இதர் க்யா லிக்கா ஹை, யார்? கிதர் சைன் கர்னே கா?"

பாத்திமா காகிதத்தை வாங்கிக்கொண்டாள். தடுமாறாமல் படித்தாள். "எனது தாய்மொழி தமிழ் என்றும், எமது இல்லத்தில் தமிழே பேசப்படுகிறது என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன்." பிறகு அதன் அர்த்தத்தை அவனுக்கு இந்தியில் சொன்னாள். கீழே கோட்டைத் தொட்டுக் காட்டி, "இதர்," என்றாள்.

அவன் கையெழுத்திட்டான். "தேங்க்ஸ், யார். து பி பாஃப்?" அவளும் பாஃபா என்று கேட்டான்.

"மாலும் நஹி," என்றாள் பாத்திமா. தெரியாது என்று.

போன் என் காதிலேயே இருந்தது. மறுமுனையில் பேசியது யார் என்றுகூட டைரியில் இல்லை.

ரோஹனின் அம்மா வியந்து போனார். நல்ல மனசோடுதான் சொன்னார். "அடேயப்பா, என்ன அழகாத் தமிழ் படிக்கறே நீ! எங்கே கத்துண்டே?"

"வாட்ஸப்ல ஊர்க்காரங்க எல்லாம் தமிழ்லதான் அடிப்பாவ ஆன்ட்டி. படிக்கத் தெரியாட்டி யாரு கல்யாணம், யாரு மௌத்துன்னே தெரியாது."

மைமூன் மகளின் முழங்கையைத் தட்டினார். "வாய மூடுளா. தமிழ் பேசுனா இங்க சீட்டுக் கிடைக்காது போலருக்கு."

அந்தப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று வருடம் என் வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தான். அவன் இடம் அவனுக்குச் சட்டப்படி உரியது. அவனுடைய சேர்க்கை முடிய ஆறு நிமிடம் ஆயிற்று. என் மேசையில் அதுதான் அன்றைய மிகக் குறைந்த நேரம்.

இரண்டு சிறு கோடுகள்

ஹெட் கிளார்க் கோபாலன் இருபது வருடமாக என் நண்பர். கோப்பைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "ஸ்கூல்லேர்ந்து கரெக்ஷன் வாங்கிண்டு வரச்சொல்லுங்கோ மேடம். எட்டு நாள் இருக்கே."

அடுத்த நாள் சனிக்கிழமை, எனக்கு வகுப்பு இல்லை. மைமூனோடு நானும் தாராவிக்குப் போனேன். ஆங்கிலவழிப் பள்ளி. மூன்று மாடி, குறுகிய படிக்கட்டு. அலுவலக அறையில் ஒரு மராத்திக்காரர், நடுத்தர வயது, மரியாதையானவர். பொதுப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார்.

நான் கணக்குப் பதிவேடுகளிலேயே காலம் தள்ளியவள். ஒரு பக்கத்தைப் பார்த்தால் எழுதிய கை அவசரத்தில் இருந்ததா நிதானத்தில் இருந்ததா என்று தெரிந்துவிடும். தாய்மொழி என்ற பத்தியில் ஒரு பெயருக்கு நேரே 'உருது' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே பதினோரு வரிகளுக்கு வெறும் இரண்டு சிறு கோடுகள். மேலே உள்ளபடியே என்று அர்த்தம். மைதீன் பிச்சை என்ற பெயருக்கு நேரே இரண்டு கோடு. மீராள் பீவி, இரண்டு கோடு. செய்யதலி பாத்திமா, இரண்டு கோடு.

"யாரிடம் கேட்டு எழுதினீர்கள்?" என்று இந்தியில் கேட்டேன்.

"கேட்பதற்கு என்ன மேடம்? மதம் முஸ்லிம் என்று பக்கத்துப் பத்தியில் இருக்கிறதே," என்றார். அவரிடம் பகை எதுவும் இல்லை. சூரியன் எங்கே உதிக்கும் என்று கேட்டதற்குப் பதில் சொன்னதுபோல் சொன்னார்.

மைமூன் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பன்னெண்டு பிள்ளையளு. ஒருத்தர் வாயவும் திறந்து கேக்கல," என்றார்.

திருத்தலாம். ஆனால் பத்தாம் வகுப்பு முடிந்து போய்விட்ட மாணவியின் பதிவைப் பள்ளி தானாகத் திருத்த முடியாது. பெற்றோர் மனு, உறுதிமொழி, தலைமை ஆசிரியரின் பரிந்துரை, கல்வி அதிகாரியின் ஆணை. அதன்பின் பள்ளி புதிய எல்.சி. தர வேண்டும். அதைப் பார்த்து, பதினொன்றும் பன்னிரண்டும் அவள் படித்த ஜூனியர் காலேஜ் புதிய எல்.சி. தர வேண்டும். ஆறு வாரம் என்றார். எங்களிடம் ஏழு நாள் இருந்தது.

செயலாளர் அறை

திங்கட்கிழமை செயலாளரைப் பார்த்தேன். குளிர்சாதன அறை. சுவரில் கல்லூரியைத் தொடங்கியவர்களின் படங்கள். சனிக்கிழமையே பள்ளியில் திருத்த மனு கொடுத்து வாங்கிய ரசீதைக் காட்டி, நிபந்தனையோடு இடம் கொடுங்கள், ஆணை வந்ததும் உறுதிசெய்துகொள்ளலாம் என்றேன்.

"ஜானகி, இதையெல்லாம் எமோஷனலாப் பாக்கப்படாது," என்றார்.

"எமோஷன் இல்லை சார். தமிழ் இடம் ஒன்பது இன்னும் காலியா இருக்கு. தமிழ் பேசற பொண்ணு ஒருத்தி வெளியிலே நிக்கறா. ரெண்டையும் சேத்துப் பாத்தா விடை வரதே."

"ஒருத்திக்கு விட்டா நாளைக்குப் பத்துப் பேர் வருவா."

"வரட்டுமே. தமிழ் பேசற பத்துப் பேர் வந்தா இந்தக் காலேஜுக்கு என்ன கேடு?"

அவர் பேனா மூடியைத் திருகினார். பிறகு குரலைத் தாழ்த்தி, நெருங்கியவர்களிடம் பேசுவதுபோல் சொன்னார். "நம்ம மனுஷா படிக்கறதுக்குன்னு ஆரம்பிச்ச எடம் இது. உங்களுக்கே தெரியும்."

எனக்குத் தெரியும் என்று அவர் நினைத்ததுதான் என்னை இன்றுவரை எரிக்கிறது. அந்த 'நம்ம'வுக்குள் நானும் இருக்கிறேன் என்று அவருக்கு அத்தனை நிச்சயம். இருபத்தாறு வருடமாக அந்த நிச்சயத்தை நான் கலைத்ததே இல்லையே.

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். என் கையெழுத்தில், என் நீல மையில், நான் எழுதிய விதி. "ரூலும் உங்களோடதுதான்," என்றார்.

"மாத்திடறேன் சார். இப்பவே இங்கேயே எழுதித் தரேன்."

"அடுத்த வருஷத்துக்கு எழுதுங்கோ."

காலி இடங்கள்

நிரம்பாத சிறுபான்மை இடங்களைக் கடைசி நாளில் பொதுப் பட்டியலுக்கு மாற்றிவிடலாம். அதற்கு ஒரு படிவம் உண்டு. சேர்க்கைக் குழுவில் மூன்று பேர் கையெழுத்திட வேண்டும். அதில் ஒரு வரி: 'தகுதியுள்ள சிறுபான்மை மாணவர் எவருக்கும் இடம் மறுக்கப்படவில்லை.'

கோபாலன் அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பேனாவையும் திறந்து கொடுத்தார்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"மேடம், ஒன்பது சீட்டு. வெளியிலே வெயிட்டிங் லிஸ்ட் நிக்கறது."

"அந்த வரி பொய், கோபாலன்."

"அது ஃபார்ம்ல அச்சடிச்சிருக்கற வரி மேடம். பொய்யா நிஜமான்னு யார் பாக்கறா?"

நான் படிவத்தை எடுத்து, அந்த வரிக்குக் கீழே, 'ஒருவருக்கு மறுக்கப்பட்டது. பெயர்: செய்யதலி பாத்திமா' என்று எழுதி என் பெயரைக் கையெழுத்திட்டேன். கோபாலன் அதைப் படித்தார். எடுத்துக்கொண்டு போனார். பத்து நிமிடம் கழித்து அவர் மேசைப் பக்கம் போனேன். புதிய படிவம், புதிய அச்சு. என் பெயர் இருந்த இடத்தில் பொருளாதாரத் துறைக்காரர் பெயர். நான் எழுதிய தாள் குப்பைக் கூடையில் நாலாகக் கிழிந்து கிடந்தது.

அவ்வளவுதான் என் வீரம். பத்து நிமிடமும் ஒரு தாளும்.

ஒன்பது இடங்களும் அன்று மாலைக்குள் நிரம்பின. அதில் ஒருவர்கூடத் தமிழ் இல்லை. சேர்ந்த பிள்ளைகள்மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர்கள் மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். தமிழ் வளர்க்கத் தொடங்கிய கல்லூரி, தமிழ் பேசுகிறவளை வாசலில் நிறுத்திவிட்டு, தமிழ் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தது. ஆண்டு விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்து வழக்கம்போல் நடந்தது. நான் எழுந்து நின்றேன். பாடவில்லை.

ஆணை வந்தது

மைமூன் விடவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் கல்வி அதிகாரி அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார். அங்கே ஒரு அதிகாரி, "ஜாதிச் சான்றிதழா?" என்று கேட்டாராம். "இல்ல சாப், பேசுற பாஷைக்குச் சான்றிதழ்" என்று இந்தியில் சொன்னாராம். அவர் சிரித்துவிட்டு, கோப்பை மேலே எடுத்து வைத்தாராம். இதை மைமூன் போனில் சொன்னார். அவரும் சிரித்தார்.

ஆறு வாரம் என்றது ஏழு வாரமாயிற்று. இரண்டு புதிய எல்.சி.களும் வந்தன. தாய்மொழி: தமிழ்.

அதே வாரத்தில் பாஃப் முதலாண்டில் ஒரு பையன் பெயரை ரத்து செய்துகொண்டு புனேவுக்குப் போனான். அவன் சேர்ந்திருந்தது தமிழ் இடத்தில். பல்கலைக்கழகம் தந்த கடைசி நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நான் செயலாளரிடம் ஓடினேன். அவர் புதிய எல்.சி.யின் நகலைப் பார்த்தார். "பேப்பர் சரியா இருந்தா எனக்கென்ன ஆட்சேபம்?" என்று ஒப்பமிட்டார். அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. படிக்கட்டில் நின்றே பாத்திமாவுக்குப் போன் செய்தேன். அவள் அதற்குள் சயான் பக்கம் ஒரு கல்லூரியில் ரெகுலரில் சேர்ந்து, காலை ஏழு மணி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"பாத்திமா, சீட்டுக் கெடச்சாச்சு. நாளைக்கு ஒரிஜினல் எல்லாம் எடுத்துண்டு வந்துடு."

அந்தப் பக்கம் தையல் இயந்திரங்கள் ஓடுவது கேட்டது.

"மேடம், நான் இங்கேயே இருந்துக்கிடுதேன்."

"என்னம்மா சொல்றே? இது பாஃப். நீ ஆடிட் ஆபீஸ் போகணும்னியே. ரெகுலர்ல நூத்திருபது பேர் நடுவுல..."

"தெரியும் மேடம். இங்க வாத்தியார் வாரதே பாதி நாள்தான். ஆனா இங்க யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. போனேன், உக்காந்தேன்."

நான் ஏதேதோ சொன்னேன். வேலைக்கு எடுக்க வருபவர்களைப் பற்றி, மூன்று வருடம் கழித்து அவளே வருத்தப்படுவாள் என்று. என் குரல் உயர்ந்தது. அவள் நல்லதுக்குத்தான் பேசுகிறேன் என்று நினைத்தேன். பாதி அதுதான். மறுபாதி, அவள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் நான் நிம்மதியாகத் தூங்கலாம் என்பது.

மைமூன் போனை வாங்கிக்கொண்டார்.

"டீச்சர், நீங்க எங்களுக்காவ அலைஞ்சிய. அத மறக்க மாட்டோம். கேக்கேனேன்னு தப்பா எடுத்துக்கிடாதிய. இப்ப இவ அங்க வந்தான்னு வைங்க, இவ தமிழுதான்னு நீங்கள்லாம் ஒத்துக்கிட்டதுக்கு நன்றி சொல்லிக்கிட்டே மூணு வருசம் படிக்கணும். இவ நன்றி சொல்ல மாட்டா. நானும் அப்படி வளக்கல."

"அப்படி யாரும் நினைக்க மாட்டாம்மா."

"நீங்க நினைக்க மாட்டிய. அந்த ஏசி ரூம்ல இருக்காவ பாருங்க, அவுக?"

நான் அந்த அறையைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

"அந்த சீட்ட வேற பிள்ளைக்குக் குடுத்துருங்க டீச்சர். சும்மா கெடக்க வேணாம்," என்று சொல்லி மைமூன் போனை வைத்தார்.

காலி இடங்கள் பொதுப் பட்டியலுக்குப் போன பிறகு தாமதமாக வந்து, தமிழ் இடத்துக்குப் பெயர் கொடுத்திருந்த ஒருவரை அடுத்த நாள் கூப்பிட்டேன். ஒரு பையன் அப்பாவோடு வந்தான். எல்லாக் காகிதங்களும் சரியாக இருந்தன, எல்.சி.யில் தாய்மொழி தமிழ். கடைசியில் அந்த உறுதிமொழியைக் கொடுத்தேன். அவன் படிக்காமலே கையெழுத்திடக் கோட்டைத் தேடினான்.

"படி," என்றேன்.

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா என்னைப் பார்த்தார். கூடம் முழுவதும் கேட்கும்படி நான் இன்னொரு முறை சொன்னேன்.

கோபாலன் எழுந்து வந்து, என் தோளைத் தொடாமல், மெதுவாகச் சொன்னார். "மேடம், படிக்கணும்னு ரூல்ல இல்லையே."

இல்லைதான். காகிதத்தை அவனிடமிருந்து வாங்கி, கையெழுத்திட வேண்டிய இடத்தை நானே விரலால் காட்டினேன்.